லேமினேஷன் வேண்டாம்: பிள்ளைகளின் படங்களையும் பள்ளித் தாள்களையும் காப்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் படங்களையும் பள்ளித் தாள்களையும் நினைவாக எடுத்து வைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில், பிடித்த படங்களை லேமினேட் செய்துவிட்டால் காலத்துக்கும் கெடாது என்று சொல்லப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சில வீடுகளிலிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் படங்கள் போயிருக்கும். மீதியையாவது நிறுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன். குழந்தைகளின் தாள்களைக் கெடுப்பதில் கரையானுக்கும் மழைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு, காப்பாற்றுவதாக நினைத்து நாமே செய்கிற காரியங்களுக்கு: லேமினேஷன், செல்லோடேப், மலிவான பிளாஸ்டிக் கவர், அந்துருண்டை.

ஜெராக்ஸ் கடை லேமினேஷனில், பிளாஸ்டிக் உறையின் உட்பக்கம் ஒரு பசைப் பூச்சு இருக்கிறது. இயந்திர உருளைகளின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பசை உருகித் தாளின் நார்களுக்குள் இறங்குகிறது. மெழுகு கிரேயானோ 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும். கிரேயானால் தீட்டிய வானம் உருளைக்குள் போய் வரும்போது விளிம்பு கலைந்து, எண்ணெய்க் கறைபோலப் பரவி வருவது இதனால்தான். ஆயில் பேஸ்டல் இன்னும் மோசம். அது எத்தனை ஆண்டானாலும் முழுதாகக் காயாத பொருள். அழுத்தத்தில் பிதுங்கும், பசை அதன்மேல் பிடிக்காமல் அங்கங்கே குமிழ் கட்டும். தடிப்பாகப் பூசிய போஸ்டர் கலர் நொறுங்கும். பிறப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தையும் சிலர் இந்தக் கட்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சானது. லேமினேட் செய்தால் குழந்தையும் தெரியாது, ஒன்றும் தெரியாது, முழுக் கறுப்பாகிவிடும். சும்மா வைத்திருந்தாலே சில ஆண்டுகளில் மங்கிப்போகும் என்பதால், அதை மட்டும் கையில் கிடைத்த வாரமே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கெட்ச் பேனா படம் லேமினேஷனில் பிழைத்துவிட்டதே என்பார்கள். அன்றைக்குப் பிழைத்திருக்கும். மலிவான சாட் தாளிலும் ரஃப் நோட்டுத் தாளிலும் மரக்கூழிலிருந்து வந்த லிக்னினும் (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) அமிலமும் நிறைய. தாள் பழுப்பதும் ஒடிவதும் அவற்றால்தான். பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டால் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேலை செய்யும். விளிம்பில் சிறு பிளவு விட்டால் ஈரம் நுழையும், நுழைந்த ஈரம் எளிதில் வெளியேறாது. எல்லாவற்றுக்கும் மேல், செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது. ஆவணக் காப்பகங்களே 20ஆம் நூற்றாண்டில் பழைய தாள்களைப் பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிப் பார்த்து, பிறகு அந்த வழியைக் கைவிட்டன. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் அசல்களுக்கும் இதே கதைதான். சான்றொப்பம் வாங்கப் போகும்போது லேமினேட் செய்த அசலை ஏற்க மறுப்பதுண்டு. அவற்றை நினைவுப் பெட்டியில் போடாமல் தனிக் கோப்பில் வையுங்கள். படம் வைக்கும் பெட்டியைக் குழந்தை திறந்து கலைக்கும், கலைக்கவும் வேண்டும். சான்றிதழ் கோப்பை யாரும் கலைக்கக் கூடாது.

அப்படியானால் எதில் வைப்பது? ஸ்டேஷனரி கடையில் எல் ஃபோல்டர் என்று கேட்டால் கிடைக்கும், இரண்டு பக்கம் மூடி இரண்டு பக்கம் திறந்த ஒளிபுகும் உறை, அது போதும். வாங்கும்போது பாலிபுரோப்பிலீன்தானா என்று பாருங்கள். முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருந்தால் அதுதான். எண் 3 பிவிசி. புது ரெயின்கோட் வாடை அடிக்கும் மென்மையான கவர் எதுவானாலும் பிவிசி என்று சந்தேகிக்கலாம். நாளாக ஆக அதிலிருந்து பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) கசிந்து, ஜெராக்ஸ் எழுத்தும் கிரேயானும் உறையோடு ஒட்டிக்கொள்ளும். உருவினால் எழுத்து கவரில் இருக்கும், தாள் வெள்ளையாக வரும். கிரேயான், பேஸ்டல், பெயின்ட் படங்களை இந்த உறையிலும் நேராகப் போடக் கூடாது. மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, வெள்ளைத் தாள் மடிப்புக்குள் கிடத்துங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் அடுக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அடுக்கின் கனமே மெழுகை எதிர்த்தாளில் பதித்துவிடும். கிரேயான் பரப்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். பல நேரம் அது மெழுகே மேலே வந்து படிவது. மெல்லிய தூரிகையால் தட்டினால் போகும். பூஞ்சை என்றால் மக்கிய வாடை வரும், புள்ளி புள்ளியாகத் தாளுக்குள் இறங்கியிருக்கும்.

உள்ளே வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சில்லறை வேலை இருக்கிறது. ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ஜெம் கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும். கடலோரத்தில் ஒரே மழைக்காலத்தில் துரு தாளைத் துளைத்துவிடும். பின்னை நகத்தால் பிடுங்காமல், பின்பக்கத்துக் கால்கள் இரண்டையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கத்திலிருந்து தூக்குங்கள். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. உருகி ஒட்டி, பிறகு காய்ந்து தாளோடு வரும். கிழிசலுக்குச் செல்லோடேப் போட்டால் சில ஆண்டில் டேப் உதிர்ந்து, பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தங்கும், மறுபக்கத்துக்கும் ஊடுருவும். கிழிசலைச் சேர்த்து வைத்து உறைக்குள் அப்படியே கிடத்தினால் போதும். ஒட்டியே தீர வேண்டுமென்றால் பின்பக்கத்தில், மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து, வெள்ளைப் பசையை நீர்விட்டுத் தளர்த்தி ஒட்டலாம். மைதாப் பசை மட்டும் வேண்டாம், அது பூச்சிக்கு வைக்கும் விருந்து. பென்சில் படம் கலையாமலிருக்க ஹேர் ஸ்பிரே அடிப்பதாகவும் கேள்வி. மஞ்சளாகிவிடும்.

சமையலறைப் பொருளில் செய்த கைவேலைகளில்தான் பெரிய ஆபத்து. துவரம்பருப்பு ஒட்டிய மயில், ரவை தூவிய கடற்கரை, மக்ரோனி மாலை. பருப்பில் வண்டு வருவது எத்தனை உறுதியோ, இந்த மயிலில் வருவதும் அத்தனை உறுதி, அங்கிருந்து பெட்டி முழுவதற்கும் பரவும். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு அசலை விட்டுவிடுவதே சரி. மனம் வரவில்லை என்றால் ஜிப் கவரில் போட்டு, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் அத்தனை நாள் இருந்தால் முட்டை உட்பட அநேகமாகச் செத்துவிடும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் இருந்த பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளின்மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். இத்தனையும் செய்தாலும் அடுத்த வண்டு வராது என்பதற்கு உத்தரவாதமில்லை. வைத்தால் தனி டப்பாவில்தான்.

ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் மாவுச்சத்தும் வேண்டும். தாளின் மேற்பூச்சையும் பசையையும் சுரண்டித் தின்று, ஓரங்களை அரித்து, வடிவில்லாத ஓட்டைகள் போடும். கரையான் சுவர் வழியாகவும் மர பீரோ வழியாகவும் வரும். இரும்பு பீரோவே நல்லது, அதுவும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, குளியலறைச் சுவர் ஓரமாக இல்லாமல். தட்டில் நாளிதழ் விரிக்கும் வழக்கத்தை (தங்கள் நாளிதழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னிக்கவும்) விட்டுவிடுங்கள். செய்தித்தாளின் அமிலம் மேலே இருக்கும் தாளைப் பழுப்பாக்கும், மை ஒட்டும். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துண்டு அதைவிடப் பல மடங்கு மேல். கஞ்சி போடாததாக இருக்க வேண்டும். எந்தத் தட்டு என்பதும் முக்கியம். கீழ்த்தட்டுக்கு என்ன ஆகும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையோடு தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பார்த்தன. பரணில் ஏற்றினால் மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும், எலியும் உண்டு. இடுப்புக்கு மேல், தலைக்குக் கீழ் உள்ள நடுத்தட்டே இடம்.

அந்துருண்டை போடாதீர்கள். நாஃப்தலீன் வாடை தாளில் ஏறினால் போகாது. சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் ஆபத்து, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களே சிதையும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துத் துணிப் பொட்டலமாகச் சுவடிகளுக்கிடையே வைப்பது பழைய முறை. வீட்டுக்கு வசம்புப் பொடி மட்டுமே போதும். இரண்டு தேக்கரண்டியை மெல்லிய துணியில் முடிந்து, தாளில் படாமல் பெட்டி மூலையில் வைத்து, வாடை போனதும் மாற்ற வேண்டும். கற்பூரமும் குழந்தைக்கு விஷம்தான் என்பதால் அதைச் சேர்க்கவே நான் சொல்லமாட்டேன். வேப்பிலை வைப்பவர்கள் சருகாகக் காய்ந்த பிறகு, துணிக்குள் கட்டி வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழி விடும். எதுவானாலும் இவை பூச்சியை விரட்ட ஓரளவு உதவும், கொல்லாது. ஆண்டுக்கு இரண்டு முறை பெட்டியைத் திறந்து தூசு தட்டுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. சரஸ்வதி பூசைக்கு எப்படியும் புத்தகங்களைத் துடைக்கிறோம், அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவதால் ஒரு தவணை அன்றைக்கே முடிந்துவிடும். இன்னொன்று தை பிறந்து பனி விலகிய பின். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். ஸ்கெட்ச் பேனாச் சாயம் ஒரு வாரத்தில் வெளிறிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில்.

காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அங்கே இருப்பவர்கள் கிளிப் மூடி போட்ட பாலிபுரோப்பிலீன் பெட்டி வாங்கி, 20 லிட்டர் கொள்ளளவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு, ஏசி ஓடிய அறையில் தாள்களை ஒரு நாள் பரப்பி வைத்துவிட்டு அடைக்கலாம். ஈரத் தாளை இறுக மூடினால் பூஞ்சைப் பண்ணைதான் கிடைக்கும். ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மீண்டும் போட வேண்டும். நீல நிற ஜெல்லில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு வகையை வாங்குவது நல்லது. மதுரை, கோவை, திருச்சி பக்கம் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கெட்டி அட்டைப் பெட்டியே மூச்சு விட்டுக்கொண்டு நன்றாக இருக்கும்.

இனி, எதை வைப்பது என்பது. இதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள், எல்லாவற்றையும் வைத்துவிட்டு எதையுமே காப்பாற்றாமல் போகிறார்கள். நூறு ஏ4 தாள் ஒரு சென்டிமீட்டர்தான் என்றாலும், சுருண்ட சாட்டும் காய்ந்த பெயின்ட்டும் அப்படி அடங்காது. ஆண்டுக்கு 25 தாள் என்று வரம்பு கட்டினால் எல்கேஜியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பெட்டிக்குள் முடியும். அழகானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மிஸ் வரைந்து கொடுத்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்பிய ஆப்பிள் வகுப்பில் முப்பது பேரிடமும் ஒன்றுபோல் இருக்கும். மாறும் இடங்களை எடுங்கள். இரண்டு வயதில் சுற்றிச் சுற்றிக் கிறுக்கியது, மூன்று வயதை ஒட்டிக் கோட்டின் இரு முனையும் முதன்முதலாகச் சேர்ந்து வட்டமானது, பிறகு தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்த மனிதன், ஐந்து ஆறு வயதில் தாளின் அடியில் தரையும் உச்சியில் வானமும் நடுவே வெற்றிடமும், வீட்டுக்குள் இருப்பவர் சுவரைத் தாண்டித் தெரியும் படம். எழுத்திலும் அப்படித்தான்: திருப்பிப் போட்ட ‘ழ’, தானாக எழுதிய தன் பெயர், நாலு கோடு நோட்டின் ஜூன் மாதப் பக்கம் ஒன்று, மார்ச் மாதப் பக்கம் ஒன்று. அந்த இரண்டு பக்கம் முழு நோட்டு சொல்வதைச் சொல்லிவிடும்.

நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பின்களை நிமிர்த்தினால் தாள்கள் இரட்டையாகக் கழன்று வரும். ஒரு பாதியைக் கிழித்தால் மறுபாதி பிடிமானமில்லாமல் உதிரும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குக்கு நடுவே வரைந்த பேயையும் பேருந்தையும் மட்டும் கத்தரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கோடு சேர்த்தே வையுங்கள். ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் 1956இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த 13ஆம் நூற்றாண்டுப் பிர்ச் மரப்பட்டைகளில், ஆறு ஏழு வயதிருக்கலாம் என்று கருதப்படும் ஒன்ஃபிம் என்ற சிறுவனின் பாடமும் படமும் இருக்கின்றன. ஒரு பட்டையில் அகரவரிசையைத் தொடங்கிச் சில எழுத்தோடு விட்டுவிட்டு, எதிரியை ஈட்டியால் குத்தும் குதிரைவீரனை வரைந்து தன் பெயரை எழுதியிருக்கிறான். படத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தால் பாதி விஷயம் போயிருக்கும். நீர் நிறைந்த, காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருந்ததால் அவை பிழைத்தன. நம் பீரோவில் அந்த வசதி இல்லை.

எடுத்து வைத்த ஒவ்வொன்றின் பின்னாலும் ஓரத்தில் எழுதுங்கள்: பெயர், மாதம், ஆண்டு, வயது, படத்தைப் பற்றிக் குழந்தை சொன்ன வாக்கியம் அப்படியே. “இது தாத்தா, கை இல்ல, பாக்கெட்டுக்குள்ள இருக்கு” என்பதைத் திருத்தாமல் எழுத வேண்டும். எச்பி அல்லது 2பி பென்சில் போதும்; கிராஃபைட் வெளிறாது, நனைந்தாலும் ஓடாது. பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடமாகத் தெரியும், ஸ்கெட்ச் ஊறும், ஸ்டிக்கர் உதிரும். இதை அன்றைக்கே செய்யாவிட்டால், பத்து ஆண்டு கழித்து அக்காள் வரைந்ததா தம்பி வரைந்ததா என்பதே தெரியாது.

பெரிய சாட் தாளைச் சுருட்டுவதானால் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்மேல் சுருட்ட வேண்டும். உள்பக்கமாக இறுகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கி வெடிக்கும். சுவரில் மாட்ட ஆசை என்றால் வண்ண ஜெராக்ஸை மாட்டுங்கள். அசலைத்தான் மாட்டுவேன் என்றால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், கண்ணாடி கிரேயானில் படாதபடி சட்டத்தில் மவுண்ட் அட்டை (கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடும் கெட்டி அட்டை) இருக்க வேண்டும்.

ஸ்கேனரில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல் வரும். அதே அளவில் திரும்ப அச்சிட அது தாராளம். கைபேசியில் எடுப்பதானால் தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில். ஸ்கேன் செயலிகள் தாமாகவே தாளை வெளுப்பாக்குவதில் மென்மையான பென்சில் கோடும் வெளிர் மஞ்சள் கிரேயானும் காணாமல் போகும். அந்த ஃபில்டரை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி இருக்கட்டும்.

வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பழைய பேப்பர் கடையில் போடுவதற்கு முன் லேபிளையும் டைரியின் முதல் பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். குழந்தையின் பெயர், வகுப்பு, அப்பாவின் கைபேசி எண் எல்லாம் பஜ்ஜி மடிக்கும் தாளில் ஊர் சுற்ற வேண்டியதில்லை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளையைக் கேட்டுவிட்டே ஒதுக்குவதும் முறை.

நனைந்துவிட்டால்: ஈரமான தாள்கட்டைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க முயல வேண்டாம், கிழியும். சேறு இருந்தால் கட்டை மூடியபடியே நல்ல நீரில் அலசி, கட்டாகவே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் காத்திருக்க நேரமில்லை. உறைந்துவிட்டால் வாரக்கணக்கில் பொறுக்கும். மின்சாரம் நிலையானதும் சிறிது சிறிதாக எடுத்து, பாதி உருகும்போது பிரித்து, அச்சில்லாத வெள்ளைத் தாள் இடையிட்டு, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஸ்கெட்ச் பேனாப் படத்தை அலசக் கூடாது, ஒற்றவும் கூடாது. கிடத்தியபடியே உலரவிட்டால் கலைந்தது போக மிச்சமாவது நிற்கும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பருவ முடிவில் கொடுத்தனுப்பும் கைவேலைக் கோப்புகளில் ஒவ்வொரு தாளின் பின்னும் தேதியைப் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். படங்களை ஸ்டேப்ளர் அடிக்காமல் ஓரத்தில் துளையிட்டு நூலால் கோத்தால், வீட்டில் பாதி வேலை குறையும்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்கள் பதற வேண்டாம். ஓரத்தை வெட்டி உரித்துப் பார்க்காதீர்கள், படத்தின் மேற்பரப்பு பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். சூடு காட்டியும் பிரிக்க முடியாது. இப்போதே ஸ்கேன் செய்துகொண்டு, வெளிச்சம் படாத நடுத்தட்டில், மற்ற தாள்களிலிருந்து தனியாக, கிடத்தி வையுங்கள். விளிம்பில் காற்றுக்குமிழ் தெரிகிறதா என்று சரஸ்வதி பூசைக்குத் திறக்கும்போது அதையும் ஒரு முறை பாருங்கள்.

இப்படிக்கு,
காகிதப் பாதுகாப்புப் பணியிலுள்ள வாசகர்,
தஞ்சாவூர்.